உழவருக்குப் பெருமை சேர்க்கும் தொழில் நிறுவனங்களை நாமே பாராட்டலாம்

பெரியகுளத்திலிருந்து வைகை அணைக்குச் செல்லும் வழியில் உள்ள ஊர் ஜெயமங்கலம். வராக நதிப் பாசனத்தில் நெல், வாழை, தென்னை ஆகியவை இங்கு பயிராகின்றன. ஒரு புறம் கும்பக்கரை அருவி, மறு புறம் வைகை அணை. விடுமுறை நாட்களில் இவ்விரண்டையும் காண வரும் வெளியூர் மக்கள் வயல் ஓரமாகவே வண்டியில் கடந்து போகின்றனர். வழியில் இளநீர் குடிப்பார்கள், மாம்பழம் வாங்குவார்கள், வயலின் பசுமையைப் பார்த்து மகிழ்வார்கள். அந்த வயலுக்குரியவர் யார், அவர் எத்தனை நாள் தண்ணீருக்குக் காத்திருந்தார், கிலோவுக்கு என்ன விலை பெற்றார் என்பவை பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிவதில்லை.

தெரியாமல் போவதால் உழவருக்கு என்ன நட்டம் என்று சிலர் கேட்கலாம். நட்டம் உண்டு. விளைபொருளின் பின்னால் உள்ள உழைப்பை அறியாதவர் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறார். சொந்த நிலமும் கிணறும் உள்ள இளைஞருக்குப் பெண் கொடுக்கத் தயங்கும் குடும்பங்கள் நம் ஊர்களிலேயே இருக்கின்றன. அதே இளைஞர் நகரத்தில் மாதச் சம்பளத்துக்கு ஒரு கடையில் நின்றால் தயக்கம் குறைகிறது. மதிப்புக் குறைந்த தொழிலில் பிள்ளைகள் நிலைப்பதில்லை. ஆகவே, பொதுமக்களிடம் உழவரின் மதிப்பை உயர்த்தும் பணி அலங்காரப் பணியன்று. விதை, உரம் போலவே இதுவும் நமக்கு வேண்டியதாகும்.

இப்பணியை அரசும் பள்ளிகளும் மட்டுமே செய்து முடித்துவிட இயலாது. மக்கள் நாள்தோறும் போய்வரும் இடங்கள் உணவகம், பழக்கடை, பால் நிலையம், விடுதி, திரையரங்கம் ஆகியவையே. இவற்றை நடத்துவோர் நினைத்தால் ஒரு நாளில் பல நூறு பேருக்கு உழவரை அறிமுகப்படுத்தலாம். சிலர் அவ்வாறு செய்தும் வருகின்றனர். அவர்களைக் கண்டறிந்து, உழவர்களாகிய நாமே முறையாகப் பாராட்ட வேண்டும் என்பதும், அதை எவ்வாறு செய்யலாம் என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

நமக்குப் புதிதல்ல

நன்றி பாராட்டுவதில் கம்பம் பள்ளத்தாக்கு உழவர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். முல்லைப் பெரியாறு அணை 1895-ல் முடிக்கப்பட்டது. அதைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கின் பிறந்த நாளான ஜனவரி 15-ம் தேதியன்று பாலார்பட்டி போன்ற ஊர்களில் உழவர்கள் அவர் பெயரால் பொங்கல் வைக்கின்றனர். லோயர் கேம்ப்பில் 2013-ல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனியின் புதிய பேருந்து நிலையமும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

தஞ்சைப் பகுதி உழவர்கள் இன்னும் எளிய வழியைக் கண்டார்கள். 1960-களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்னும் நெல் இரகத்தைத் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு ஊர் ஊராக எடுத்துச் சொன்னது. உழவர்கள் அந்த நெல்லுக்கே "ரேடியோ நெல்" என்று பெயர் வைத்துவிட்டனர். பொன்னாடையும் கேடயமும் இல்லாத இப்பாராட்டு இன்றளவும் பேசப்படுகிறது.

ஆனால் நல்ல முறையில் நடக்கும் ஓர் உணவகத்துக்கோ பழக்கடைக்கோ உழவர்கள் கூடிப் பாராட்டு வழங்குவது நம்மிடையே அரிது. அமெரிக்காவில் வட்டார உழவர் சங்கங்கள் ஆண்டுதோறும் தம் பகுதியிலுள்ள ஒரு வணிக நிறுவனத்தைத் தேர்ந்து வேளாண்மைக்கு நண்பன் என்ற வகையில் சிறப்பிப்பது வழக்கமாக உள்ளது. பாராட்டைப் பெற்ற கடைக்காரர் அந்தப் பலகையைக் கடை வாசலில் மாட்டுகிறார். பக்கத்துக் கடைக்காரர் அடுத்த ஆண்டு தமக்கும் வேண்டும் என்று உழவரைத் தேடி வருகிறார். பாராட்டினால் வரும் பயன் இந்தப் போட்டியில்தான் இருக்கிறது.

பெயர் மட்டும் போதுமா?

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் 1989-ல் வெளியான பி.கே.எம். 1 செடிமுருங்கையால் உலகெங்கும் அறியப்பட்டவை. பி.கே.எம். என்பது பெரியகுளம் என்ற ஊர்ப் பெயரின் சுருக்கமேயாகும். இந்த இரகம் தூத்துக்குடி மாவட்டத்து எப்போதும்வென்றான் பகுதி முருங்கையிலிருந்து தேர்வு செய்து உருவாக்கப்பட்டது. இன்று இதன் விதை ஆப்பிரிக்க நாடுகள் வரை செல்கிறது. முருங்கை இலைத் தூளும் பல நாடுகளில் விற்பனையாகிறது. ஆயினும் அந்தப் பொட்டலத்தை வாங்கும் அயல்நாட்டவருக்கு மூன்று ஆங்கில எழுத்துகள் தெரிகின்றனவே ஒழிய, அவற்றுக்குள் ஓர் ஊர் இருக்கிறது என்பது தெரியாது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. தலைப்பாகை கட்டிய உழவர் படம் அச்சிட்ட அரிசிப் பைகளும் எண்ணெய்க் குப்பிகளும் கடைகளில் நிறைந்துள்ளன. "கிராமத்து விருந்து" என்று பலகை மாட்டி, வாசலில் ஒரு மாட்டு வண்டியை நிறுத்தி வைத்திருக்கும் உணவகங்களும் நெடுஞ்சாலைகளில் பெருகிவிட்டன. படத்தில் இருப்பவர் எந்த ஊர் உழவர்? அந்த வண்டிக்கு மாடு உண்டா? இக்கேள்விகளுக்கு விடையில்லை எனில் அந்நிறுவனம் கிராமத்தின் தோற்றத்தை விற்கிறது என்றே கொள்ள வேண்டும். அதில் குற்றம் ஏதும் இல்லை. ஆனால் நம் பாராட்டுக்கு அது உரியதாகாது.

கம்பம் திராட்சைப் பந்தல்கள்

நமக்கு மிக அண்மையில் உள்ள நல்ல எடுத்துக்காட்டு கூடலூர், கம்பம் பகுதித் திராட்சைத் தோட்டங்களாகும். இங்கு விளைவது பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்னும் இரகத்தைத்தான் நாம் அப்பெயரால் அழைக்கிறோம். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து செய்யும் காலத்தை மாற்றிக்கொள்வதால் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பந்தலில் பழம் தொங்கும். பிற பகுதிகளில் காண்பதற்கரிய இச்சிறப்பினால் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்பயிருக்கென்றே ஆனைமலையன்பட்டியில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் செயல்படுகிறது.

தேக்கடிக்கும் மூணாறுக்கும் வரும் பயணிகள், குறிப்பாகக் கேரள மக்கள், குமுளி மலைப்பாதையில் இறங்கி வந்து இத்தோட்டங்களைப் பார்க்கத் தொடங்கினர். முதலில் சாலையோரம் வண்டியை நிறுத்திப் பந்தலுக்குள் எட்டிப் பார்த்தார்கள். வேலியைத் தாண்டி வருகிறார்களே என்று விரட்டிவிடாமல், சில தோட்டக்காரர்கள் உள்ளே வரச் சொன்னார்கள். இன்று பந்தலின் கீழ் நடந்து படம் எடுத்துக்கொள்ளவும், பழமும் சாறும் வாங்கவும் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகின்றனர். கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலைக்குச் செல்லும் ஐயப்ப பக்தர்களும் இவ்வழியே போகின்றனர்.

இதில் உழவருக்குக் கிடைக்கும் முதல் பயன் விலை. மண்டிக்கு அனுப்பினால் பறிகூலி, பெட்டி, வண்டி வாடகை, கமிஷன் ஆகிய யாவும் போக மீதிதான் கைக்கு வரும். பந்தலடியில் விற்றால் அச்செலவுகளில் பெரும் பகுதி மிஞ்சும். ஆனால் முழு மகசூலையும் இவ்வாறு விற்றுவிட முடியும் என்று எண்ணிவிடக் கூடாது. வருகிறவர் இரண்டு கிலோ, ஐந்து கிலோ வாங்குவார். டன் கணக்கில் விளைவதற்கு மண்டியும் வேண்டும். சாலையை ஒட்டிய தோட்டங்களுக்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பு உள்ளே தள்ளியுள்ள தோட்டங்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் மறுக்க முடியாது.

இரண்டாவது பயன் கணக்கில் எழுத முடியாதது. பந்தலடியில் நின்று பார்த்தவர், கொத்து ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பராமரிக்க வேண்டியிருப்பதைக் காண்கிறார். கவாத்து செய்த கொடி மொட்டையாக நிற்பதையும், பக்கத்துப் பந்தலில் பிஞ்சு விட்டிருப்பதையும், அடுத்ததில் பழம் கறுத்திருப்பதையும் ஒரே நாளில் பார்த்துவிடுகிறார். ஒரு நாள் மழை பழுத்த கொத்தை வெடிக்கச் செய்துவிடும் என்று தோட்டக்காரர் சொல்லக் கேட்கிறார். அப்படிக் கேட்டுத் திரும்பியவர் மறுமுறை பழக்கடையில் நிற்கும்போது சற்றேனும் மாறியிருப்பார்.

இத்தோட்டங்களுக்குப் பயணிகளை அழைத்து வரும் வாகன ஓட்டுநர்கள், விடுதி நடத்துவோர் ஆகியோருள் சிலர் தோட்டக்காரரிடம் தரகு கேட்கின்றனர். வேறு சிலர் ஒன்றும் கேட்காமல், "இவர்தான் தோட்டத்துக்காரர், இவரிடமே கேளுங்கள்" என்று அறிமுகம் செய்து வைக்கின்றனர். பாராட்டத் தக்கவர் இந்த இரண்டாவது வகையினரே. இவர்களைத் தேடிப் பிடிப்பது கடினமன்று. தோட்டக்காரர்கள் நான்கு பேரைக் கேட்டால் போதும்.

குமரகத்து விடுதிகள்

கம்பத்திலிருந்து குமுளி, கோட்டயம் வழியாகச் சென்றால் வேம்பநாட்டுக் காயல் கரையில் குமரகம் என்னும் ஊர் உள்ளது. பெரிய விடுதிகள் பல அங்கு வந்தன. விடுதிகள் வளர்ந்தும் ஊர் மக்களுக்குப் போதிய பயனில்லை என்ற மனக்குறை நிலவியது. விடுதிச் சமையலுக்கான காய்கறி வெளியிலிருந்து வந்து இறங்கியது. ஊர் வயல்களிலோ ஒரு பகுதி தரிசாகக் கிடந்தது.

2008-ல் கேரளச் சுற்றுலாத் துறை அங்கு "பொறுப்புச் சுற்றுலா" என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஊராட்சி முன்னின்றது. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் தரிசு நிலத்தில் காய்கறி பயிரிட்டன. அதை வாங்கிக்கொள்ள விடுதிகள் ஒப்புக்கொண்டன. விலையை விடுதியும் சொல்லவில்லை, விளைவித்தவரும் தனியே சொல்லவில்லை. அதற்கென அமைந்த குழு முடிவு செய்தது. தரத்தையும் குழுவே பார்த்தது. பின்னர் விடுதிகளில் தங்குவோர் ஊருக்குள் சென்று கயிறு திரித்தல், ஓலை முடைதல், மீன் பிடித்தல் ஆகியவற்றைப் பார்த்து வரவும் ஏற்பாடு செய்யப்பட்டது. காட்டியவர்களுக்கு அதற்குரிய கட்டணம் கிடைத்தது.

குமரகத்துப் பணிக்காக ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் யுலிசஸ் விருது கேரளச் சுற்றுலாத் துறைக்கு 2014 ஜனவரியில் மாட்ரிட் நகரில் வழங்கப்பட்டது. மத்திய சுற்றுலா அமைச்சகம் நடத்திய சிறந்த சுற்றுலாக் கிராமப் போட்டியில் 2024-ல் எட்டுப் பிரிவுகளில் 36 கிராமங்கள் தேர்வாயின. வேளாண் சுற்றுலா என்னும் பிரிவில் குமரகம் இடம்பெற்றது.

நாம் கற்க வேண்டியது விலைக் குழுவைத்தான். விடுதிக்காரர் உழவரைப் புகழ்ந்து பேசுவது எளிது. தமக்கு வேண்டிய விலையைத் தாமே வைத்துக்கொள்ளும் உரிமையை விட்டுக் கொடுத்து, உழவரோடு ஒரே பாயில் அமர்ந்து விலை பேசுவதுதான் கடினம். அதைச் செய்த விடுதிக்கு எத்தனை மாலை போட்டாலும் தகும்.

மகாராட்டிரத்தில் பாராமதி பகுதியில் 2005 முதல் இன்னொரு வகை முயற்சி நடந்து வருகிறது. அங்கு உழவர்களே தம் வீட்டிலும் தோட்டத்திலும் நகரத்தாரைத் தங்க வைத்து, சோளக் கதிர் சுட்டுக் கொடுத்து, மாட்டு வண்டியில் ஏற்றி, களத்து வேலையைக் காட்டிக் கட்டணம் பெறுகின்றனர். அம்மாநில அரசு 2020-ல் வேளாண் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

தலைக்கு 2 ரூபாயில் ஒரு படம்

திரைப்படமும் ஒரு தொழில்தான். உழவர் வாழ்வைப் பொதுமக்கள் முன் வைப்பதில் அதற்கு ஈடான சாதனம் குறைவு. 1976-ல் ஷியாம் பெனகல் இயக்கிய "மந்தன்" என்னும் இந்திப் படத்தைக் குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் 5 இலட்சம் பேர் தலைக்கு 2 ரூபாய் போட்டுத் தயாரித்தார்கள். ஒரு கிராமத்தில் பால் கூட்டுறவுச் சங்கம் உருவாகும் கதை. தயாரிப்பாளர் என்ற இடத்தில் ஐந்து இலட்சம் உழவர்கள் என்றே திரையில் காட்டப்பட்டது. தாம் எடுத்த படத்தைப் பார்க்க அவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தனர். அப்படத்துக்குச் சிறந்த இந்திப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. பழுது நீக்கிய புதிய படி 2024-ல் பிரான்சு நாட்டின் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது.

அமுல் என்ற பெயரில் விற்கும் அக்கூட்டுறவு, பால் பொட்டலத்தின் பின்னால் உழவர் இருக்கிறார் என்பதை நாட்டு மக்கள் மறக்காமல் பார்த்துக்கொண்டது. நிறுவனம் உழவருடையதாகவே இருந்ததால் இது இயன்றது.

நம் பக்கத்தில் உசிலம்பட்டிப் பகுதியில் எடுக்கப்பட்ட "கடைசி விவசாயி" 2022-ல் வெளிவந்தது. இயக்குநர் மணிகண்டன். குலதெய்வ வழிபாட்டுக்கு நெல் தர ஊரில் பயிர் செய்யும் ஒரே முதியவரை ஊரார் நாடும் கதை. அம்முதியவராக நடித்த நல்லாண்டி தொழில்முறை நடிகர் அல்லர். படம் வெளியாகும் முன்பே காலமாகிவிட்டார். 2023-ல் அறிவிக்கப்பட்ட 69-வது தேசியத் திரைப்பட விருதுகளில் இப்படம் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வாயிற்று; நல்லாண்டிக்குச் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது. இப்படத்தை ஊருக்குள் திரை கட்டி ஒரு முறை காட்ட முன்வரும் திரையரங்கு உரிமையாளர் எவரேனும் இருந்தால், உரிய அனுமதியுடன் அவர் அதைச் செய்யட்டும். அவரையும் பாராட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

பலகையில் உழவர் பெயர்

சப்பானில் நெடுஞ்சாலை ஓரங்களில் 1993 முதல் "சாலை நிலையங்கள்" அமைக்கப்பட்டன. இப்போது 1,200-க்கு மேல் உள்ளன. வண்டி ஓட்டுவோர் இளைப்பாறும் இடம் அது. உள்ளூர் விளைபொருள் கடையும் அங்கேயே உண்டு. பல நிலையங்களில் உழவர் காலையில் தம் காய்கறியைக் கொண்டுவந்து, தம் பெயரும் தாம் வைத்த விலையும் எழுதிய சீட்டை ஒட்டி அடுக்கிவிட்டுப் போகிறார். விற்றதில் ஒரு பங்கு நிலையத்துக்கு, மீதி உழவருக்கு. சில கடைகளில் விளைவித்தவரின் படமும் மாட்டப்பட்டிருக்கும். வாங்குகிறவர் நாளடைவில் "இன்னாருடைய முள்ளங்கி வந்ததா?" என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்.

வைகை அணைச் சாலையிலும் தேனி - குமுளி சாலையிலும் இதற்கு இடமில்லாமல் இல்லை. பெரிய கட்டடம் தேவையில்லை. ஓர் உணவகம் தன் சுவரில் கரும்பலகை மாட்டி, "இன்றைய வாழையிலை ஜெயமங்கலம் இன்னார் தோட்டம், தேங்காய் மேல்மங்கலம் இன்னார் தோப்பு" என்று சுண்ணக்கட்டியால் எழுதினால் போதும். செலவு ஒரு பலகை. உழவரின் சம்மதம் பெற்றே பெயரை எழுத வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தேர்ந்தெடுக்கும் முறை

உழவர் உற்பத்தியாளர் குழுவோ, பால் கூட்டுறவுச் சங்கமோ, ஊராட்சியோ இதை நடத்தலாம். ஐந்து பேர் கொண்ட தேர்வுக் குழு போதும். அதில் இருவராவது சிறு உழவராக இருக்கட்டும். நாற்று நடவு, களையெடுப்புக்குச் செல்லும் பெண் தொழிலாளி ஒருவர் கட்டாயம் வேண்டும். கூலி ஒழுங்காகப் பட்டுவாடா ஆகிறதா என்பது அவருக்குத் தெரிவதைப் போல மற்றவர்க்குத் தெரியாது. பள்ளி ஆசிரியர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் எழுத்து வேலைக்கு உதவும். உரக் கடை, மண்டி நடத்துவோரைக் குழுவில் சேர்க்காதிருப்பது நல்லது. அவர்களும் பாராட்டுக்குப் போட்டியிடுவோர் ஆவார்களே.

நூறு மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால் நாற்பதை விலைக்கும் பணப் பட்டுவாடாவுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது எம் கருத்து. எடை சரியாக இருக்கிறதா, பணம் எத்தனை நாளில் வருகிறது, சந்தை விழுந்த நாளிலும் வாங்கினாரா என்பவற்றைச் சரக்குக் கொடுத்த உழவர்களின் சீட்டுகளைக் கொண்டே பார்க்கலாம். அடுத்த முப்பது, உழவரின் பெயரும் ஊரும் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கப்படுகிறதா என்பதற்கு. மீதியில் பள்ளிப் பிள்ளைகளையோ வாடிக்கையாளரையோ வயலுக்கு அழைத்து வந்ததற்கும், உள்ளூர் இளைஞருக்கு வேலை கொடுத்ததற்கும் குழு தன் விருப்பம்போல் பிரித்துக் கொடுக்கலாம்.

இரண்டு உணவகங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றின் முகப்பில் ஏர், கலப்பை, குதிர் எல்லாம் அழகாக வைக்கப்பட்டுள்ளன. சரக்கு வாங்குவது எங்கு மலிவோ அங்கு. பணம் வர இரண்டு மாதம். மற்றொன்று ஓடு வேய்ந்த சிறு கடை. பத்துக் குடும்பங்களிடம் இலையும் காயும் வாங்கி, வாரந்தோறும் சனிக்கிழமை கணக்கு முடித்துவிடுகிறது. பலகை எழுதும் வழக்கம் அதற்கு இல்லை. மேற்சொன்ன மதிப்பெண் முறையில் இரண்டாவது கடைதான் முந்தும். அதற்குப் பாராட்டுடன் ஒரு கரும்பலகையையும் வாங்கிக் கொடுத்துவிடலாம்.

நன்கொடை கொடுத்தவருக்கே விருது என்ற நிலை வந்துவிட்டால் அத்துடன் இம்முயற்சி முடிந்தது என்று பொருள். ஆதலால் பாராட்டுப் பெறும் நிறுவனத்திடமிருந்து விழாச் செலவுக்கு ஒரு காசும் வாங்கக் கூடாது. ஓர் ஆண்டு தகுதியானவர் எவரும் இல்லை எனில், இல்லை என்று அறிவித்துவிட வேண்டும்.

அக்டோபர் 2-ம் தேதி நடக்கும் கிராம சபையில் பட்டியலைப் படித்து, யாருக்கேனும் மறுப்பு உண்டா என்று கேட்கலாம். பணம் பாக்கி வைத்திருப்பவர் பெயர் பட்டியலில் இருந்தால் அங்கேயே வெளிப்பட்டுவிடும். பாராட்டை மாட்டுப் பொங்கலன்று வழங்கலாம். தேசிய உழவர் தினமான டிசம்பர் 23-ம் தேதியும் பொருத்தமானதே. ஆயினும் ஊர் கூடும் நாள் பொங்கல்தான்.

என்ன கொடுப்பது?

பொன்னாடை போர்த்துவதில் தவறில்லை. கடை வாசலில் மாட்டும் தகரப் பலகை அதைவிடப் பயனுள்ளது. அதில் வழங்கிய ஊரின் பெயரும் ஆண்டும் இருக்க வேண்டும். மறு ஆண்டு நடத்தை தவறினால் பலகையைத் திரும்பப் பெறும் நிபந்தனையை முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.

வணிகருக்கு உழவர் கொடுக்கக் கூடிய மிகப் பெரிய பாராட்டு வேறொன்று உண்டு. சொன்ன நாளில், சொன்ன தரத்தில் சரக்கைத் தருவதே அது. மேல் அடுக்கில் நல்ல காயும் அடியில் சொத்தையும் வைத்துக் கட்டிய மூட்டை, பலகையில் எழுதிய உழவரின் பெயரையும் சேர்த்துக் கெடுத்துவிடும். சந்தையில் விலை ஏறிய நாளில் ஒப்புக்கொண்ட கடையைக் கைவிட்டு வெளியூர் வண்டிக்கு ஏற்றிவிடுவதும் அவ்வாறே. கடைக்காரர் உள்ளூரில் வாங்கத் தயங்குவதற்கு இவையே முக்கியக் காரணங்கள். ஐந்தாறு உழவர்கள் சேர்ந்து விதைக்கும் நாளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் ஒருவரிடம் இல்லாதபோது இன்னொருவர் கொடுக்க இயலும்.

தோட்டத்தைத் திறந்து வைப்போர் கவனத்துக்கு

பார்வையாளரை உள்ளே விடும் தோட்டங்களில் மருந்துத் தெளிப்பு பற்றிக் கூடுதல் கவனம் வேண்டும். திராட்சையில் அடிச்சாம்பல் நோய், சாம்பல் நோய் ஆகியவற்றுக்கு மழைக்காலத்தில் அடிக்கடி மருந்து தெளிக்க நேரிடுகிறது. வருகிறவர் பழத்தைப் பறித்த கையோடு வாயில் போட்டுக்கொள்வார். சிறு பிள்ளைகள் இலையைத் தொடுவார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாட்கள் அதன் சீட்டில் குறிக்கப்பட்டிருக்கும். அந்நாட்கள் முடியும்வரை அப்பந்தலுக்குள் எவரையும் விடக் கூடாது. பந்தல்களைப் பகுதிகளாகப் பிரித்து, தெளித்த பகுதியைக் கயிறு கட்டி மறித்து, தெளித்த நாளையும் திறக்கும் நாளையும் பலகையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைப்பது நல்லது. காலி மருந்துக் குப்பிகள் கண்ணில் படும் இடத்தில் கிடந்தால், வந்தவர் ஊர் திரும்பிச் சொல்லும் செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

திறந்த கிணறு, மோட்டார் அறை, தாழ்வான மின்கம்பி ஆகியவற்றைச் சுற்றித் தடுப்பு அமைக்க வேண்டும். பெண்களுக்கான கழிப்பிடம் இல்லாத தோட்டத்தில் குடும்பத்தினர் அரை மணி நேரத்துக்கு மேல் தங்கமாட்டார்கள். பழமாக விற்பதற்குத் தடையில்லை. சாறு பிழிந்தோ ஊறுகாய், தூள் என்று பக்குவப்படுத்தியோ விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் முன்னதாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பயிர்ப் பாதுகாப்பு குறித்த ஐயங்களுக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியையும், திராட்சைக்கு ஆனைமலையன்பட்டி ஆராய்ச்சி நிலையத்தையும், பதிவு முறைகளுக்கு வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தையும் அணுகலாம்.